சுவருக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று: களிமண் புறா வீசும் பழைய கைப்பொறிகளில் எதை வாங்குவது?

அமெரிக்கப் பழம்பொருள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் அடிக்கடி தலைகாட்டும் பொருள் ஒன்று உண்டு. முழத்துக்குக் கூடக்குறைய நீளம். ஒரு முனையில் கடைந்தெடுத்த மரப்பிடி, மறுமுனையில் எதையோ கவ்வக் காத்திருக்கும் எஃகு விரல்கள். அது என்ன பொருள் என்று விற்பவருக்கே பல நேரங்களில் தெரிவதில்லை. சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கியைச் சுடப் பழகுபவர்களுக்காகக் களிமண் புறா என்னும் தட்டை வானில் வீசும் கைப்பொறி அது.

இதில் ஒன்றை வாங்கலாம் என்று இறங்குபவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. டூபான்ட் நிறுவனம் 1910களில் விற்ற கைப்பொறி ஒன்று. வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் பெயர் பொறித்த கைப்பொறி இன்னொன்று. மூன்றாவது, இன்றும் புதிதாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கைவீச்சு. நான்காவது, கையே வேண்டாம் என்று தரையில் ஊன்றி வைக்கும் வில்பொறி, அதாவது ஸ்பிரிங் விசையில் வீசும் பொறி. வாங்குபவர்கள் தடுமாறுவது இந்த நான்கையும் ஒரே தராசில் வைப்பதால்தான். முதல் இரண்டும் உண்மையில் விளம்பரப் பொருள்கள். வெடிமருந்தும் தோட்டாவும் விற்ற கம்பெனிகள், சரக்கு வேகமாகச் செலவாகட்டும் என்று மக்கள் கையில் கொடுத்த கருவிகள் அவை. இது பிடிபட்டுவிட்டால் எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தானாகப் பிடிபடும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் சுட்டது உயிருள்ள புறாக்களை. அமெரிக்காவில் பதிவான முதல் போட்டிகள் 1831-ல் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் நடந்தன. பெட்டிக்குள் அடைத்த புறாவைக் கயிற்றை இழுத்துத் திறந்துவிடுவார்கள், அது எழும்பும்போது சுடுவார்கள். புறாவுக்கு மாற்றாக 1860களின் பிற்பகுதியில் கண்ணாடி உருண்டைகள் வந்தன. ஆடம் போகார்டஸ் என்ற புகழ்பெற்ற சுடுநர் 1877-ல் உருண்டை வீசும் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். ரவை வழுக்கிப் போகாமலிருக்க மேற்பரப்பில் சொரசொரப்பு வைத்த உருண்டையும் அவருடையதுதான். உள்ளே இறகு அடைத்த உருண்டைகள்கூட இருந்தன. உடைந்ததும் இறகு பறந்தால் பார்ப்பவருக்குப் பறவை விழுந்த திருப்தி. ஆனால் உருண்டை பறவையைப் போலப் பறப்பதில்லை. மேலே போகும், கீழே விழும், அவ்வளவுதான். மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு வேறு.

இதற்கு விடை கண்டவர் ஜார்ஜ் லிகாவ்ஸ்கி, அவரும் சின்சினாட்டிக்காரர். சிறுவர்கள் கிளிஞ்சலைத் தண்ணீரின் மேல் தத்தவிடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை உதித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நம் ஊரில் ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தவிட்ட எவருக்கும் அந்தத் தட்டின் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. தட்டையாக இருக்க வேண்டும், சுழன்றுகொண்டே போக வேண்டும். 1880-ல் அவர் கொண்டுவந்த தட்டு உண்மையாகவே சுட்ட மண். ரவை பட்டால் மணிபோல் ஒலிக்குமே தவிர உடையாது என்ற புகார் உடனே எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் மண் போய், கீல் என்னும் தார்ப்பசையும் கல்பொடியும் கலந்த கலவை வந்தது. இன்றும் ஏறக்குறைய அதே முறைதான். மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புக்கல் பொடி, மீதி கீல். விட்டம் அமெரிக்கத் தட்டுக்கு 108 மில்லிமீட்டர், சர்வதேசத் தட்டுக்கு 110.

சின்சினாட்டிக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் உண்டு. போட்டிகளுக்காக ஆயிரக்கணக்கில் பிடித்து வரப்பட்ட பறவைகளில் வட அமெரிக்காவின் பயணிப் புறாவும் ஒன்று. அந்த இனத்தின் கடைசிப் பறவையான மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று அதே சின்சினாட்டியின் விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. புறாவுக்குப் பதிலாகத் தட்டு பிறந்த ஊரிலேயே.

கிராண்ட் அமெரிக்கன் என்னும் பெரும்போட்டி 1900-ல் தட்டுகளை வைத்து நடக்கத் தொடங்கியது. அதன் பிறகு விளையாட்டு வளர்ந்தது, ஆனால் கிளப்புகளுக்குள்ளேயே. வீசும் இயந்திரம் கனமான இரும்பு. அதைப் பதிக்கப் பலகை வேண்டும், குழி வேண்டும், இயக்க ஆள் வேண்டும். பண்ணை வீட்டுக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகனோடு பழக நினைத்தால் வழியில்லை. இந்த இடத்தில்தான் டூபான்ட் நுழைகிறது.

டூபான்டை நமக்குத் தெரிந்தது நைலானுக்காக. ஆனால் 1802-ல் டெலவேர் மாநிலத்தில் அது தொடங்கியது வெடிமருந்து ஆலையாக. ஏகபோக வழக்கில் தோற்று, 1912-ல் நீதிமன்ற ஆணைப்படி தன் வெடிமருந்துத் தொழிலைப் பிரித்து ஹெர்குலிஸ், அட்லஸ் என்று இரண்டு போட்டிக் கம்பெனிகளைத் தானே உருவாக்கித் தர வேண்டியதாயிற்று. நேற்றுவரை தன்னுடையதாக இருந்த ஆலைகளோடு இன்று சந்தையில் மோத வேண்டிய நிலை. தட்டு சுடுதல் அதற்கு நல்ல களம். வேட்டைக்குப் போகிறவன் ஒரு நாளில் சுடுவது சில தோட்டாக்கள். தட்டு சுடுகிறவனுக்கு ஒரு சுற்றுக்கே இருபத்தைந்து. அதனால்தான் 1910களில் பத்திரிகை விளம்பரம், பெண்களைச் சேர்க்கும் முயற்சி, கைப்பொறி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கைப்பெட்டியில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதே கைப்பொறியின் விற்பனை வாதம். பொய்யான வாதமும் அல்ல.

வெஸ்டர்னின் கணக்கும் இதே கணக்குத்தான். இல்லினாய் மாநிலத்தின் ஈஸ்ட் ஆல்ட்டனில் 1898-ல் பிராங்க்ளின் ஆலின் தொடங்கிய தோட்டாக் கம்பெனி அது. தோட்டாவோடு நிற்காமல் ஒயிட் பிளையர் என்ற பெயரில் தட்டையும் விற்றது. எனவே வெஸ்டர்ன் கைப்பொறியை வாங்கியவன் அந்தக் கம்பெனிக்கு இரட்டை வாடிக்கையாளன்: உடைப்பதும் அவர்களுடையது, உடைவதும் அவர்களுடையது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாதிரிக்கு மாதிரி வளைவுகள் மாறும், அடிப்படை ஒன்று. தட்டின் விளிம்பை விரல்கள் வில்லின் இழுவிசையோடு கவ்வியிருக்கும். பக்கவாட்டில் தாழ்வாகக் கையை வீசி, கடைசியில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும். அந்தச் சொடுக்கில் விசை பிடிமானத்தை வெல்ல, தட்டு விரலோடு உரசி உருண்டபடி வெளியேறும். அந்த உருளல்தான் சுழற்சி. சுழற்சி இல்லாவிட்டால் தட்டு நாலடி போய்க் குட்டிக்கரணம் போடும். வலக்கைக்காரர் ஒருவர் விடும்போது தட்டு தொடர்ந்து இடப்பக்கமே போனால் பிடி இறுக்கம், தாமதமாக விடுபடுகிறது என்று பொருள். வலப்பக்கம் போனால் பிடி தளர்ந்திருக்கிறது.

இதிலிருந்தே வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை கிடைத்துவிடுகிறது. ஒரு தட்டை விரல்களுக்குள் செருகிக் கருவியைத் தலைகீழாகப் பிடியுங்கள். தட்டு விழக்கூடாது. மெல்ல உலுக்குங்கள், அப்போதும் விழக்கூடாது. பிறகு கட்டைவிரலால் விளிம்பைத் தள்ளினால் தடையில்லாமல், ஆனால் உரசலோடு நழுவ வேண்டும். முதலில் விழுந்தால் வில் செத்துவிட்டது. தள்ளியும் நகராவிட்டால் துருவோ வளைவோ இருக்கிறது. அடுத்து, ஆணி அடித்து இணைத்த இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எஃகு முதலில் சோர்வது அங்கேதான். மரப்பிடி ஆடினால் பெரிய குறை இல்லை. பிடியைத் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தால்தான் குறை. அது புதுசாகத் தெரியும், விலையோ பாதி போய்விடும்.

இந்தச் சோதனையில் தேறினாலும் பழைய எஃகுக் கைப்பொறியை வயலில் பயன்படுத்துவதை நான் ஆதரிப்பதில்லை. எண்பது, நூறு வயதான வில்லை ஒரு மாலைக்கு நூறு முறை சொடுக்குவது அதன் மீதிக் காலத்தைக் குறைப்பதுதான். தவிரவும் எஃகு விரல்கள் தட்டைச் சற்று இறுக்கிக் கவ்வினாலே விளிம்பு உடைந்து, துண்டுகள் வீசுபவர் முகத்துக்கே திரும்பும். சர்வதேச அளவுத் தட்டு 2 மில்லிமீட்டர் பெரிது. அமெரிக்கத் தட்டுக்கென்று வளைத்த விரல்களுக்குள் அதைத் திணிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. நண்பர்களுக்குக் காட்ட இரண்டு மூன்று வீச்சு வீசலாம், கண்ணாடி அணிந்துகொண்டு. அதற்குமேல் வேண்டாம்.

ஆக, பழையது சுவருக்குத்தான். சுவருக்கு என்று முடிவானால் கேட்க வேண்டியது எது நன்றாக வீசும் என்பதல்ல, எதன் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்பது. விளம்பரப் பொருளின் உயிர் அதில் பொறித்த பெயரில் இருக்கிறது. காலத்தைச் சொல்வதும் அந்தப் பெயர்தான். விற்பவர் எழுதும் காலத்தை நம்பாதீர்கள். 1880-ஐச் சேர்ந்த அரிய பொருள் என்ற தலைப்பின் கீழ் வெஸ்டர்ன் கைப்பொறி படம் இருந்தால், அந்தக் கம்பெனியே 1898-ல்தான் பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

வெஸ்டர்ன் இந்த வகையில் ஒரு வரம். ஆலின் குடும்பத்துக் கம்பெனி பெயர் மாறிக்கொண்டே வந்ததால், முத்திரையும் பெட்டியும் நாட்காட்டிபோலக் காலம் சொல்லும். வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1944-க்கு முந்தைய வடிவமைப்பு. வின்செஸ்டரை வெஸ்டர்ன் 1931 இறுதியில் வாங்கியது. எனவே இரண்டு பெயரும் கோத்து அச்சிட்டிருந்தால் அதற்குப் பிந்தையது. ஆலின் இண்டஸ்ட்ரீஸ் என்றால் 1944 முதல் 1954 வரை. ஆலின் மேத்தீசன் என்றால் 1954 முதல் 1969 வரை. வெறும் ஆலின் கார்ப்பரேஷன் என்றால் அதற்கும் பின்னால். பெட்டியில் முகவரி இருந்தால் இன்னொரு தடயம்: ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு அமெரிக்காவில் 1963-ல்தான் வந்தது. அது அச்சாகியிருக்கும் பெட்டியை இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். பழைய பெட்டிகள் மீதமிருந்தால் தீரும்வரை பயன்படுத்துவது எந்தக் கம்பெனிக்கும் வழக்கம் என்பதால், இந்த ஆண்டுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஓரிரண்டு ஆண்டு முன்பின் விட்டுப் பாருங்கள்.

டூபான்டில் இந்த வசதி குறைவு. வில்மிங்டன், டெலவேர் என்ற ஊர்ப்பெயர் நீண்ட காலம் மாறவில்லை. 1933-ல் அது ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிய பிறகு, சுடுதல் சம்பந்தமான சரக்குக்கு முகமாக இருக்க ரெமிங்டன் என்ற பெயரே போதுமானதாயிற்று. டூபான்டுக்குப் பலம் வேறு இடத்தில். கைப்பொறியை ஒரு விற்பனை உத்தியாகவே மாற்றியதில் அதற்கு முன்னணி இடம் உண்டு. இந்த வரலாற்றை ஒரே பொருளில் காட்ட வேண்டுமானால் அதுதான் அந்தப் பொருள். ஆனால் நூறாண்டுத் துரு பல டூபான்ட் பொறிகளின் எழுத்தைத் தின்றுவிட்டது. எழுத்து போன டூபான்டும் பெயரில்லாத வேறொரு பொறியும் சுவரில் ஒன்றேதான்.

ரெமிங்டன் பெயரிலும் கைப்பொறிகள் கிடைக்கின்றன. மலிவாக வந்தால் வாங்கலாம், தேடிப் போக வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒரு ஆறுதல். இவை எதுவும் பெரும்பணம் இல்லை. பொதுவாகச் சில பத்து டாலர்களுக்குள் முடியும். போலி செய்யுமளவுக்கு மதிப்பில்லாததால் போலி பற்றிய பயமும் இல்லை. விலையைத் தூக்குவது அட்டைப்பெட்டியும் உள்ளே மடித்து வைத்த செய்முறைத் தாளும். பலர் இதை முட்டாள்தனம் என்பார்கள், இரும்பை விட அட்டைக்கு எதற்குக் காசு என்று. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இரும்பு ஆயிரக்கணக்கில் பிழைத்தது. பெட்டியை முதல் நாளே கிழித்து எறிந்தார்கள். அந்தக் கம்பெனி வாங்குபவனிடம் என்ன சொல்லி விற்றது என்பது பெட்டியில்தான் இருக்கிறது.

பெட்டியோடு பழைய தட்டுகளும் சேர்ந்து வந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய தட்டுகளில் நிலக்கரித் தார்க் கீல் கலந்தவை உண்டு. மேய்ச்சலில் அதன் சில்லுகளைத் தின்று பன்றிகள் செத்த சம்பவங்கள் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடைக்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள்.

இனி வயலுக்கு. இங்கே பிளாஸ்டிக்குக்கு எதிராகப் பேச என்னிடம் எதுவும் இல்லை. டேட்டன் நகரத்து எம்டிஎம் நிறுவனம் விற்கும் வகைக் கைவீச்சு ஒரே வார்ப்பு. துருப்பிடிக்க எஃகு இல்லை, செத்துப்போக வில் இல்லை. நெகிழும் நீண்ட பிளாஸ்டிக் கையே வில்லின் வேலையைப் பார்க்கிறது. எடை குறைவு என்பதால் பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ மாலை முழுக்கத் தோள் வலியின்றி வீசலாம். இரண்டு தட்டை ஒருசேர வீசும் வகையும் உண்டு. அழகு கிடையாது. பிடிக்கும் கையில் மரத்தின் சூடு கிடையாது. விழுந்தால், மிதிபட்டால், மழையில் கிடந்தால் கவலையும் கிடையாது.

ஆனால் கைவீச்சு எதிலும் ஒரு குறை பொது: ஒரே மாதிரி இரண்டு வீச்சு வராது. டிராப் என்னும் தட்டு சுடும் போட்டியின் அமெரிக்க விதிப்படி தட்டு ஏறக்குறைய 50 கஜம் போய் விழ வேண்டும். ஒலிம்பிக் டிராப்பில் 76 மீட்டர். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்ட டிராப்பில், பதுங்குகுழிக்குள் பதினைந்து இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். அந்தத் துல்லியத்துக்குப் பழகுபவர் கைவீச்சை நம்பக்கூடாது. வேட்டைக்குப் பழகுபவருக்கோ இந்த ஒழுங்கின்மையே நல்ல ஆசிரியர். காட்டுப் பறவை எதுவும் விதிப்புத்தகம் படித்துவிட்டு எழும்புவதில்லை.

இன்னொரு குறை, கைவீச்சுக்கு இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். தனியாகச் சுடுபவருக்குத் தரைப்பொறிதான் வழி. சின்சினாட்டியை அடுத்த கிளீவ்ஸில் 1955-ல் தொடங்கிய டிரையஸ் நிறுவனத்தின் பொறிகள் இதில் பெயர் பெற்றவை. காலால் மிதித்தால் வீசும் வகையும் அவர்களிடம் உண்டு. பழைய டிரையஸ்கூட வயலுக்கு ஏற்றது, வில்லையும் ரப்பரையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இழுத்துப் பூட்டிய வில்பொறியின் கை, மனிதக் கையை முறிக்கும் வேகத்தில் சுற்றும். பூட்டிய பொறியின் முன்னால் யாரும் குனியக்கூடாது. குழந்தைகள் ஓடும் இடமென்றால் பிளாஸ்டிக் கைவீச்சே போதும்.

எதை வாங்கினாலும் வீசுபவர் நிற்க வேண்டியது சுடுபவரின் தோளுக்குப் பின்னால், கை வீச்சு எட்டாத இடைவெளியில். முன்னால் 300 கஜத்துக்கு வீடோ சாலையோ மாடோ இல்லாத வெளி வேண்டும். வீசும் கருவி ஆயுதமல்ல, அதை யாரும் வைத்திருக்கலாம். ஷாட்கன் அப்படியல்ல, இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருப்பவர்கள் கைப்பொறியை மட்டும் பெட்டியில் வையுங்கள், துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், வயலுக்குப் பிளாஸ்டிக், ஆள் துணை இல்லாதவருக்கு டிரையஸ். சுவருக்கு, பெட்டியில்லாத டூபான்டும் பெட்டியோடு கூடிய வெஸ்டர்னும் ஒரே விலையில் கிடைத்தால் வெஸ்டர்னை எடுப்பேன். அதன் காலத்தை என்னால் நிரூபிக்க முடியும், அதன் விளம்பரம் முழுசாக இருக்கிறது. டூபான்டின் எழுத்து ஊர்ப்பெயர் உட்பட தெளிவாகத் தெரிந்தால் மட்டும் முடிவை மாற்றிக்கொள்வேன். அதைத் தெரிந்துகொள்ள ஏலப் படங்கள் போதாது. முத்திரையின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். நேர்வெளிச்சத்தில் மழுங்கிப்போன எழுத்தும் அப்போது நிழலில் எழுந்து நிற்கும். படம் அனுப்ப மறுப்பவரிடம் ஏலம் கேட்காதீர்கள். அடுத்த வாரமே இன்னொன்று வரும்.